கீழ்த்தட்டுப் போத்தல்

மழை இரண்டு நாளாக விடவில்லை. றொசல்ல புகையிரத நிலைய மேடையில் ஒரு நாய் சுருண்டு கிடக்கிறது. வட்டவளைப் பக்கமிருந்து வரும் தண்டவாளம் வளைவில் கொஞ்ச தூரம் தெரிகிறது. ஹற்றன் பக்கம் பனிமூட்டம்.

நிலையத்துக்கு மேலே தேயிலை மலை. மலையின் நடுவில் ஒரு லயம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். சம்பளம் போட்டு மூன்று நாள் ஆகிறது.

கடைசிக் காம்பராவின் இஸ்தோப்பில் செருப்புகள். அவற்றோடு ஒரு சோடி வெள்ளைச் சப்பாத்து. சேறு படாமல் பழைய பேப்பரின் மேல் வைக்கப்பட்டிருக்கிறது.

சப்பாத்துக்காரன் உள்ளே பாயில் இருக்கிறான். கட்டாரில் லொறி ஓட்டுகிறான். இரண்டு வருடம் கழித்து வந்திருக்கிறான். வந்ததும் மாமா வீட்டுக்கு ஏறி வந்துவிட்டான். சூட்கேஸ் சுவரோரம் திறந்து கிடக்கிறது. சவர்க்காரம், பால்மா, பேரீச்சம்பழம், சொக்லட் எல்லாம் காலையிலேயே பங்கு பிரிந்துவிட்டன. மிச்சம் அவனுடைய உடுப்பு மட்டும்.

தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு போத்தல் நிற்கிறது.

போத்தலில் ஒரு கோட்டை. கோட்டைக்குப் பின்னால் மலை. தங்க நிறத்தில் ஒரு பெயர். அந்தப் பெயரை லயத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை. பெயருக்குக் கீழே, பிளெண்டட் ஸ்கொச் விஸ்கி. அதற்குக் கீழே, 40 சதவீதம். ஒரு லீற்றர்.

வாங்கிய இடம் கட்டுநாயக்க. விமானத்தை விட்டிறங்கி, கடவுச்சீட்டில் முத்திரை குத்தியதும் வருகிற வரியில்லாக் கடை. டொலரில் விலை. மேல்தட்டில் பெட்டியோடு நிற்கும் போத்தல்கள். நடுத்தட்டில் ஊரறிந்த பெயர்கள். இது கீழ்த்தட்டு. குனிந்து எடுத்திருக்கிறான்.

காலையிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் போத்தலைப் பார்த்துவிட்டே உட்கார்கிறார்கள். பக்கத்துக் காம்பரா அண்ணன் அதைக் கையில் எடுக்கிறார். கழுத்தைச் சுற்றிப் பார்க்கிறார். மதுவரித் திணைக்களத்தின் ஸ்டிக்கரைக் கண் தேடுகிறது. இல்லை. கண் தேடியதை உணர்ந்து, போத்தலை இருந்த இடத்திலேயே வைக்கிறார். கோட்டைப் படம் முன்னால் தெரியும்படி திருப்பியும் வைக்கிறார்.

அடுப்படியில் அத்தை கருவாடு பொரிக்கிறாள். புகை இஸ்தோப்பு வரை வருகிறது. பீலித் தண்ணீர் ஒரு செம்பில் தயாராக இருக்கிறது. ஐஸ் இல்லை. கேட்கவும் யாரும் இல்லை. மழைக்காலத்தில் பீலித் தண்ணீருக்குப் பல் கூசும்.

நான்கு கிளாஸ். மூன்று சில்வர், ஒன்று கண்ணாடி. கண்ணாடிக் கிளாஸை மருமகனுக்கு முன்னால் வைக்கிறார்கள். அவன் அதை மாமாவுக்கு முன்னால் நகர்த்துகிறான். மாமா மறுபடி அவன் பக்கம் நகர்த்துகிறார்.

மூடியைத் திருக, உலோகம் சின்னதாக முறிகிறது. போத்தலைச் சரிக்கிறான். ஒன்றும் வரவில்லை. இன்னும் சரிக்கிறான். இரண்டு சொட்டு. கழுத்துக்குள் ஒரு பிளாஸ்டிக் அடைப்பு. அதற்குள் ஒரு சின்னக் குண்டு. காலிப் போத்தலில் வேறு சரக்கை நிரப்பிவிடாமல் இருக்கச் செய்கிற ஏற்பாடு. சின்ன மச்சான் போத்தலின் அடியில் தட்டச் சொல்கிறான். தட்டுகிறான். விஸ்கி விட்டு விட்டு இறங்குகிறது.

நிறம் நன்றாக இருக்கிறது. குண்டு பல்பின் வெளிச்சத்தில் கிளாஸ் பொன்னாக மின்னுகிறது. சின்ன மச்சான் கைப்பேசியை எடுத்து ஒரு படம் எடுக்கிறான்.

முதல் வாய்.

பக்கத்துக் காம்பரா அண்ணன் ஒரே மூச்சில் விழுங்குகிறார். சாராயம் குடிக்கிற பழக்கம். கண்ணை மூடித் திறக்கிறார். கருவாட்டுத் துண்டு ஒன்றை எடுக்கிறார். சின்ன மச்சான் பாதி குடித்து, கிளாஸை உற்றுப் பார்க்கிறான். மருமகன் குடிக்கவில்லை. மற்றவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

“எப்படிண்ணே?”

“ம்... வெளிநாட்டுச் சாமான்தானே.”

தகரத்தில் மழை. யாரும் பேசவில்லை. அண்ணன் இன்னொரு கருவாட்டுத் துண்டு எடுக்கிறார்.

மாமா இன்னும் கிளாஸைத் தொடவில்லை.

மாமாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. முப்பது வருடத்துக்கு மேல் தேயிலை ஸ்டோரில் வேலை. கொழுந்து வாட்டும் தட்டில் தொடங்கி, ரோலர், டிரையர், சலிக்கிற அறை என்று எல்லா இடத்திலும் நின்றவர். கடைசிப் பத்து வருடம் டீமேக்கரின் ருசி மேசைக்குக் கிண்ணம் அடுக்கினார். வெள்ளைக் கிண்ணங்கள் வரிசையாக. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கிராமுக்குச் சற்றே கூடுதலான தேயிலை. கொதி தண்ணீர். ஐந்தாறு நிமிடம் மூடி. பிறகு வடித்து, சாயம் ஒரு பக்கம், சக்கை ஒரு பக்கம். டீமேக்கர் கரண்டியால் உறிஞ்சி, வாய் முழுக்கச் சுழற்றி, துப்பி, அடுத்த கிண்ணத்துக்குப் போவார். அவர் போனபின் மாமாவும் அதே வரிசையில் உறிஞ்சித் துப்பிக்கொண்டு வருவார். அது அவருக்குச் சொல்லப்பட்ட வேலை அல்ல. தடுக்கப்பட்டதும் இல்லை.

டிரையர் சூடு கூடிப்போன தேயிலை எது, நொதிக்க வைத்த நேரம் போதாத தேயிலை எது, மழைக் கொழுந்து எது என்று இப்போதும் வாயில் வைத்ததும் சொல்வார்.

“அந்தக் கிண்ணத்த எடு,” என்கிறார் அத்தையிடம்.

அத்தை சாமிப் படத்துக்குக் கீழே கைவிட்டு ஒரு கிண்ணத்தை எடுக்கிறாள். வெள்ளைப் பீங்கான். விளிம்பில் நகக்கண் அளவுக்குச் சில்லுப் பெயர்ந்திருக்கிறது. சில்லுப் போனதால் ஸ்டோர் கழித்துவிட்ட கிண்ணம். சேலைத் தலைப்பால் துடைத்துக் கொடுக்கிறாள்.

மாமா கிளாஸில் இருந்த விஸ்கியைக் கிண்ணத்தில் ஊற்றுகிறார். அதே அளவு தண்ணீர் சேர்க்கிறார்.

“தண்ணி ஊத்தினா கெட்டுப்போயிருமே மாமா. சும்மா குடிக்கணும்னு சொல்றாங்க.”

“குடிக்கறதுக்கு இல்ல மாப்ள. பாக்கறதுக்கு.”

ஸ்கொட்லாந்தில் கலவை போடுகிறவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். 40 சதவீத விஸ்கியைத் தண்ணீர் சேர்த்து 20 சதவீதத்துக்குக் கொண்டுவருகிறார்கள். எரிவு தணிந்ததும் வாசனை எழும்பும். ஒரு நாளில் எத்தனையோ பீப்பாயை மூக்காலேயே பார்த்துவிடுகிறார்கள். குடிப்பது அபூர்வம்.

வெள்ளைக் கிண்ணத்தில் பொன் நிறம் வெளுக்கிறது. மாமா கிண்ணத்தை வெளிச்சத்துக்குச் சாய்க்கிறார். விளிம்போரம் பார்க்கிறார். விரலைத் தொட்டுத் தேய்த்துப் பார்க்கிறார்.

“சீனி கருக்கின நிறம்.”

ஸ்கொச் விஸ்கியில் தண்ணீரைத் தவிர வேறு ஒன்றே ஒன்றைச் சேர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. நிறத்துக்காகக் கருக்கிய சீனி. பீப்பாய் கொடுக்காத நிறத்தை அது கொடுக்கும். விலை கூடிய போத்தல்கள் சிலவற்றிலும் அது உண்டு.

மாமா மூக்கைக் கிண்ணத்துக்குள் விடுகிறார். எடுக்கிறார். மறுபடி விடுகிறார். வாயைச் சற்றுத் திறந்தபடி மூச்சிழுக்கிறார். அறையில் எல்லாரும் அவரையே பார்க்கிறார்கள். அடுப்படியிலிருந்து அத்தையும்.

கரண்டி கேட்கிறார். உறிஞ்சுகிறார். ‘சர்’ரென்ற சத்தம். தொட்டிலில் இருந்த பிள்ளை திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறது. கன்னம் இரண்டும் உள்வாங்கி, நாக்கு சுழன்று, தொண்டைக்குழி அசையாமல் நிற்கிறது. எழுந்து இஸ்தோப்புக்குப் போகிறார். கானில் துப்புகிறார்.

திரும்பி வந்து உட்கார்ந்த பிறகும் வாயை மூடியபடி இருக்கிறார். எதற்கோ காத்திருக்கிறார். அது வரவில்லை.

“மொதல்ல இனிப்பு. அப்புறம் ஸ்பிரிட்டு. அதோட முடிஞ்சிருச்சு.”

இன்னொரு கரண்டி. இன்னொரு முறை கானுக்கு நடை.

“மரம் இல்ல. பொகை இல்ல. நாக்குல ஒண்ணும் தங்கல. தொண்டையில மட்டும் எரியுது.”

மருமகன் போத்தலைப் பார்க்கிறான்.

“இதுல எத்தன வருஷம்னு போட்டிருக்கா மாப்ள?”

மருமகன் போத்தலை எடுத்து, முன்னாலும் பின்னாலும் பொடி எழுத்தை வாசிக்கிறான். காய்ச்சியது, கலந்தது, அடைத்தது. குடித்துவிட்டு வாகனம் ஓட்டாதே. கர்ப்பிணிகள் குடிக்கக் கூடாது. எண் என்று இருப்பது 40 உம் ஒரு லீற்றரும் மட்டும்.

வருடம் போடாத ஸ்கொச்சுக்கும் ஒரு வயது உண்டு. ஸ்கொட்லாந்திலேயே ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது மூன்று வருடம் கிடக்காததற்கு அந்தப் பெயரைப் போட முடியாது. வருடம் போட்டிருந்தால் அது கலவையில் உள்ள ஆக இளையதன் வயது. மலிவான கலவையில் பெரும்பங்கு கோதுமையிலோ சோளத்திலோ காய்ச்சியது. உயரமான தூண் வாலையில் நிற்காமல் இறங்கிக்கொண்டே இருக்கும் சரக்கு. அந்த வாலைக்கு ஏனியஸ் கொஃபி 1830 இல் காப்புரிமை வாங்கினார். அதில் இறங்குவது மெல்லிய சரக்கு. ருசியை மரம்தான் ஊட்ட வேண்டும். பலமுறை நிரப்பி வடித்த பீப்பாயில் ஊட்ட அதிகம் இருக்காது. செம்பு வாலையில் பார்லி மோல்ட்டைக் காய்ச்சி எடுத்தது இதில் கொஞ்சம் சேரும். எவ்வளவு என்று போத்தல் சொல்வது அபூர்வம்.

ஜன்னலுக்கு வெளியே மழை சற்றுக் குறைகிறது. எதிர் மலை தெரிகிறது.

இந்தப் பக்கத்து மலைகளுக்கு ஸ்கொட்லாந்துப் பெயர்கள். ஹற்றனுக்குப் பக்கத்தில் ஸ்ட்ரதன். அக்கரப்பத்தனையில் கிளாஸ்கோவும் பெல்மோரலும். தலவாக்கலையில் ஹொலிரூட். பூண்டுலோயாவில் டன்சினன். ஹற்றன் பையன்கள் கிரிக்கெட் ஆடுவது டன்பார் மைதானத்தில். அபர்டீன்ஷயரிலும் ஒரு ஹற்றன் உண்டு. லயத்தில் இந்தப் பெயர்களைச் சொல்கிற வாய்களுக்கு அவை உறவுக்காரர் வீடு இருக்கும் இடங்கள். பெல்மோரலில் சின்னம்மா இருக்கிறாள். டன்சினனில் பெண் எடுத்திருக்கிறார்கள்.

ஜேம்ஸ் டெய்லர் ஸ்கொட்லாந்துக்காரர். 1867 இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போடுகிறார். 1869 இல் கோப்பி இலையில் துரு நோய் தெரிகிறது. சில வருடங்களில் மலை மலையாகக் கோப்பி சாகிறது. கோப்பியைப் பிடுங்கிய இடத்தில் தேயிலை ஏறுகிறது. பிடுங்கியதும் நட்டதும் திருச்சி, மதுரை, சேலம் பக்கத்துக் கைகள். 1884 இல் ரயில் ஹற்றனுக்கு வருகிறது.

அதே வருடங்களில் பிரான்சில் இன்னொரு அழிவு. ஒரு பூச்சி திராட்சைக் கொடியின் வேரைத் தின்கிறது. பிராந்தி குறைகிறது. லண்டன் மேசைகளில் அந்த இடத்துக்கு வருவது கலப்பு ஸ்கொச். வெவ்வேறு வாலைச் சரக்குகளை வரி கட்டுமுன்பே கலக்க 1860 ஆம் ஆண்டுச் சட்டம் வழி திறந்திருந்தது. கலந்தவர்களில் பலர் பலசரக்குக் கடைக்காரர்கள். கில்மார்னொக்கில் ஜோன் வோக்கர். அபர்டீனில் சிவாஸ் சகோதரர்கள். தேயிலையையும் விஸ்கியையும் ஒரே கடையில் விற்ற காலம். ருசி ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று தேயிலையைக் கலக்கிற நாக்கு, விஸ்கியையும் கலந்தது.

அந்த நாக்குக்கும் மாமாவின் நாக்குக்கும் நடுவில் கடல் இருக்கிறது. வேலை ஒன்றுதான்.

அத்தை தேத்தண்ணி கொண்டு வருகிறாள். தோட்டம் மாதாமாதம் கொடுக்கும் தூளில் போட்டது. சாயம் கறுப்பு. பக்கத்தில் ஒரு சிட்டிகைச் சீனி, உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொள்ள. அவள் ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு வாசற்படியில் உட்காருகிறாள். உட்காருமுன் அலுமாரியைத் திறந்து எதையோ எடுத்து இடுப்பில் செருகுகிறாள். சம்பளக் காசு. 2024 செப்டெம்பரில் ஒரு நாட்பேர் 1,350 ரூபாயாக ஆனது. மகள் கொழுந்து எடுக்கிற காசு அது.

சின்ன மச்சான் கடைக்கு ஓடிவிட்டு வந்திருக்கிறான். கையில் ஒரு ஜின்ஜர் பியர் போத்தல். விஸ்கியில் ஊற்றுகிறார்கள். நுரை எழும்பி அடங்குகிறது. அண்ணன் குடிக்கிறார். இந்த முறை முகம் சுளிக்கவில்லை.

“இப்ப நல்லாருக்கு தம்பி.”

“ஜின்ஜர் பியர் நல்லாருக்கு,” என்கிறான் சின்ன மச்சான். அண்ணன் அவன் தொடையில் தட்டுகிறார்.

மருமகன் இப்போதுதான் முதல் வாய் குடிக்கிறான். தண்ணீர் சேர்க்காமல். விழுங்கிய பின் நெடுநேரம் தரையைப் பார்க்கிறான். கண்ணாடிக் கிளாஸின் அடியில் விரலால் சுற்றிக்கொண்டிருக்கிறான்.

“கடையில இருந்த பொண்ணுகிட்ட கேட்டேன் மாமா. நல்லது எதுன்னு. அது மேல காட்டுச்சு.”

மாமா அவன் முதுகில் கை வைக்கிறார். ஒன்றும் சொல்லவில்லை. கை அங்கேயே இருக்கிறது.

ஆறு மணிக்குப் பிறகு அண்ணன் தன் காம்பராவுக்குப் போய் ஒரு அரைப் போத்தல் சாராயம் கொண்டு வருகிறார். பாதி இருக்கிறது. யாரும் கேட்கவில்லை. போத்தலை ஸ்கொச்சுக்குப் பின்னால், சற்று மறைவாக வைக்கிறார். கொஞ்ச நேரத்தில் அது முன்னால் வந்துவிடுகிறது. தென்னம்பாளையின் வாசம் மெல்லப் பரவுகிறது. பேச்சும் வருகிறது. பெரட்டுக் களம். புதுத் துரை. பச்சைக் கொழுந்தில் மழைத் தண்ணீருக்கு எத்தனை கிலோ கழிக்கிறார்கள். வட்டவளையில் யாரோ வீடு கட்டக் கல் இறக்கியிருக்கிறார்கள். தனி வீடு. ஏழு பேர்ச் காணி.

ஒரு ரயில் ஏறுகிறது. பேச்சு நிற்கவில்லை. சத்தம் மட்டும் கூடுகிறது. அலுமாரிக் கண்ணாடி கிணுகிணுக்கிறது.

ஸ்கொச் போத்தலில் முக்கால்வாசி இருக்கிறது. மருமகன் மூடியை இறுக்கித் திருகுகிறான்.

“இத என்னா மாமா செய்யறது?”

“வச்சுக்கலாம். கோழிக்கு வெட்டு விழுந்தா ஊத்தலாம்,” என்கிறாள் அத்தை, திரும்பாமல். எல்லாரும் சிரிக்கிறார்கள். மருமகனும்.

“நல்ல ஸ்கொச்சு எப்படி மாமா இருக்கும்? நீங்க குடிச்சிருக்கீங்களா?”

மாமா யோசிக்கிறார்.

“ஒருக்கா. நத்தாருக்குப் பெரிய பங்களாவுல கேக்கு குடுத்தாங்க. நான் ஸ்டோருல இருந்து தேயிலப் பெட்டி கொண்டுபோனேன். தொர ஒரு கிளாசு ஊத்திக் குடுத்தாரு. இம்புட்டுத்தான்.” ஆட்காட்டி விரலில் ஒரு கணு காட்டுகிறார். “டிரையர் வாயில மொத தேயில விழுகும்போது ஒரு வாசம் வருமில்ல, அது மாதிரி. தேனு, பொகை, ஈர மரம். குடிச்சு முடிச்சு ஸ்டோருக்கு நடந்து வர்ற வரைக்கும் வாயில இருந்துச்சு. கிளாசக் கழுவாம வச்சா மறுநா காலையில கூட மணக்கும்னு அந்த பங்களா அப்பு சொல்லுவாரு.”

“அப்ப அடுத்த வருஷம் அது மாதிரி ஒண்ணு பாத்து வாங்கறேன்.”

“வேணாம் மாப்ள. அந்தக் காசுக்குக் கூரையில ரெண்டு தகரம் மாத்திருவோம்.”

மாமா கிண்ணத்தில் மிச்சமிருந்ததைக் கானில் ஊற்றுகிறார். கிண்ணத்தைச் செம்புத் தண்ணீரில் அலசுகிறார். அதில் தேத்தண்ணி ஊற்றிக்கொள்கிறார். உறிஞ்சுகிறார். ‘சர்’ரென்ற சத்தம். இம்முறை விழுங்குகிறார்.

“நீ இருக்கற எடத்துல நம்ம ஊருத் தேயில கெடைக்குதா?”

“கெடைக்குது மாமா. பெரிய கடையில டின்னுல வச்சிருக்கான். சிலோன் டீன்னு போட்டிருக்கு.”

“எந்தத் தோட்டம்னு போட்டிருக்கா?”

“பாக்கலியே மாமா.”

“போட்டிருக்க மாட்டான். கலந்திருப்பான். வெல?”

மருமகன் ரியாலில் சொல்கிறான். பிறகு ரூபாயில் கணக்குப் போட்டுச் சொல்கிறான். வாசற்படியில் அத்தை திரும்பிப் பார்க்கிறாள்.

“நீங்க அந்த டீ குடிச்சதே இல்லியா மாமா? நம்ம ஸ்டோருல போட்டதுதானே?”

“துப்பியிருக்கேன். வீட்டுல போட்டுக் குடிச்சதில்ல.”

சின்ன மச்சான் சாராயத்தைப் பங்கு ஊற்றுகிறான். மாமா தன் கிளாஸை உள்ளங்கையால் மூடுகிறார். போதும்.

“வரும்போது அதுல ஒரு டின் எடுத்துக்கிட்டு வா,” என்கிறார். “சின்ன டின் போதும். எந்தெந்த மலைக் கொழுந்தக் கலந்திருக்கான்னு குடிச்சுப் பாத்துச் சொல்றேன்.”